வடக்குச் சுவர்

நாடாவின் சைபர் முனை என் பெருவிரலின் கீழ்.
மறுமுனையோடு நஸ்லியா நடக்கிறாள்,
எருக்கலை விலக்கி, ஆட்டுப் புழுக்கை மிதித்து.
கொட்டியாரக் குடாவின் காற்று
அவள் முக்காட்டைக் கொத்தளத்துப் பக்கமாய் இழுக்கிறது.
"முப்பத்தொன்று எண்பது!" என்று கத்துகிறாள்.
கொப்பியில் எழுதுகிறேன்: தெற்குச் சுவர்.

பெரிய கோட்டை அல்ல இது.
திருக்கோணமலைக் கோட்டையின் முன்னால்
அண்ணன் முதுகுக்குப் பின் ஒளிகிற தம்பி.
ஆறு பீரங்கி, இருபது காய்ச்சல்காரர்,
நெல்லுக்கு ஒரு கிட்டங்கி.
பறங்கி தொடங்க, ஒல்லாந்தன் முடித்தான்.
இங்கிலீசுக்காரன் வந்து பார்த்துவிட்டு
விளக்கெண்ணெய்க் காசுக்கும் பெறாதென்று போனான்.
பிறகு பனை முளைத்தது.
பிறகு ஆமி, மண்மூட்டைகளோடு.
இப்போது ஆடுகள்.

அடியில் கருங்கல். அதன்மேல் முருகைக்கல்,
நகம் வைத்தால் உதிரும்.
சாந்துக்குள் ஒரு முழுச் சிப்பி, வேகாமல்:
சூளைக்காரன் அன்றைக்கு எதை நினைத்துக்கொண்டிருந்தானோ.
கொத்தளத்தை ஏன் அம்பு முனைபோலக் கட்டினார்களென்று
கொய்யாப்பழம் கடித்தபடி நஸ்லியா சொன்னாள்:
எந்த மூலையில் பதுங்கினாலும்
இன்னொரு மூலையிலிருந்து சுடலாம்.
தென்கிழக்கு மூலையில், மூன்றாம் வரியில்,
தாமரை இதழ்கள் தரையைப் பார்க்கின்றன.
ஏதோ ஒரு கோயிலின் தூண்,
குப்புறப் படுக்கவைத்து, மேலே சுண்ணாம்பு பூசியிருக்கிறது.

பழைய படத்தில் நாலு சுவர்.
நிலத்தில் மூன்று.
வடக்கே ஒரு நீளப் பள்ளம் மட்டும்,
மழைத்தண்ணீர் இன்னும் அதன் வழியே
நேராக, கட்டுப்பட்டு ஓடுகிறது.

பள்ளம் முடிந்த இடத்தில் கோட்டையடிக் கிராமம்.
செபமாலையின் கிணற்றுக்கட்டில் ஆறு கல்.
பள்ளிவாசலில் கால் கழுவுமிடத்தில் இரண்டு, வழுவழுப்பாய்.
வைரவர் சூலத்தின் கீழே ஒன்று;
அதைத் தொட விடவில்லை, எட்ட நின்று கண்ணால் அளந்தோம்.
றெஜினாவின் துவைகல்லில்
ஒரு மீனின் வால் தெரிந்தது.
தலையை எந்தத் துணி அடித்துத் தேய்த்ததோ.

நான் குனிந்தேன்.
ஈரச் சேலையொன்றை எடுத்து
அவள் மீனின்மேல் விரித்தாள்.
"அளந்து போட்டு?"
அளக்க மட்டும்தான் அக்கா, என்றேன்.
"தென்னமரத்தடியிலயும் அப்பிடித்தான் சொன்னவங்க.
அளந்தாங்க, போனாங்க.
வந்து மஞ்சக் கல்லு நட்டாங்க.
எங்கட மாமி இப்ப
தன்ட தேங்காயை வேலிக்கு இங்கால நிண்டு பாக்குறா."

நஸ்லியா ஒன்றும் சொல்லவில்லை.
நாடாவைச் சுற்றினாள்.
அது பெட்டிக்குள் போகும்வரை
சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கிண்ணியாப் பாலத்தில் பஸ் நின்றபோது
கொப்பியைக் கேட்டாள்.
கிணறு, பள்ளிவாசல், சூலம், துவைகல்:
என் எழுத்து நாலு பக்கம்.
கைப்பையில் தேடி அழிறப்பர் எடுத்தாள்,
அவள் மகனுடையது, ஸ்ட்ரோபெரி மணம்.
துகளை யன்னலால் ஊதிவிட்டு
ஒரே வரியாய் எழுதினாள்:
வடக்குச் சுவர், தடயம் இல்லை.

கோயிலை உடைத்தவனிடம்
எவரும் நாடா பிடித்துக் கேட்டதாய்த் தெரியவில்லை.
இதை நான் சொல்லவில்லை, நினைத்தேன்.
கீழே கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது.

அந்தக் கொப்பி இப்போது
கந்தோரில், இரும்பு அலுமாரியில், மூன்றாம் தட்டில்.
பென்சிலை அழுத்தி எழுதுவது என் பழக்கம்.
அந்தப் பக்கங்களில் விரலை வைத்தால்
பள்ளம் தட்டுப்படும்.