பதினேழாம் வளைவு

எழுபத்து மூன்றாம் ஆண்டு ஸஸ்தாவா.
ஸ்லொவேனியாவில் ஃபீச்சோ என்று கொஞ்சுவோம்.
குளிர்பெட்டியைக் கிடத்திச் சக்கரம் மாட்டிய அளவு.
பின்னால் என்ஜின்.
முன்னால், முழங்காலுக்குச் சற்றே அப்பால்,
பெட்ரோல் டேங்க், ஸ்டெப்னி, விதி.

வெர்ஷிச் கணவாய்க்கு ஏறும்போது
பின்மூடியைக் குச்சியால் முட்டுக்கொடுத்துத் திறந்துவைப்பார்கள்,
நாக்குத் தள்ளிய நாய் மாதிரி போகும்.
எட்டாம் வளைவில் எல்லோரும் நிறுத்துவார்கள்.
காட்சி பார்க்கிறோம் என்பார்கள்.

எனக்கு யெசெனித்ஸே ஆஸ்பத்திரியில் இரவுப் பணி.
எலும்பு முறிவு வார்டு.
நெஞ்சில் ஸ்டியரிங் வட்டம் பதிந்து வந்தவர்களின்
சட்டையைக் கத்தரித்திருக்கிறேன்.
அதனால் முதலில் மாற்றியது ஸ்டியரிங் தண்டு:
மோதினால் மடங்குவது, காயலான் கடை ஓப்பலில் கழற்றியது.
பிறகு முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்.
விறைப்பான ஸ்பிரிங். சீட் பெல்ட்.
கடைசியில்தான் என்ஜின், ஒரு ஜப்பான் பைக்குடையது.
அதன் சொந்தக்காரன்
ஏழாம் கட்டிலில் கால் தொங்கவிட்டபடியே விலை பேசினான்.
ரிவர்ஸ் மட்டும் கிடையாது.
பின்னால் போக இறங்கித் தள்ள வேண்டும்.

ஸ்வோன்கோ, என் தங்கை மெட்காவின் கணவன்.
அவனிடமும் அதே ஆண்டு, அதே வெளிர்நீலம்.
டயரின் வால்வு மூடிகூட அசல்.
என்னுடையதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு
"கார் வேஷம் போட்ட பைக்" என்றான்.

மே மாதம், பனி அகற்றிப் பாதை திறந்த ஞாயிறு.
உச்சியில் நான் இரண்டாவது தேநீரை முடிக்கும்போது
பின்மூடி திறந்தபடி வந்து சேர்ந்தான்.
கார்புரேட்டர் என்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

இறக்கத்தில் என் பின்னால் ஒட்டியே வந்தான்.

பதினேழு.
கல் பாவிய வளைவு, ஈரம்,
நடுவில் ஓர் ஆடு.
மிதித்தேன்.
ஆணி அடித்தாற்போல் நின்றது வண்டி.
இழுப்பில்லை, அலறலில்லை.
ஆடு என்னைப் பார்த்தது. கழுத்து மணி ஒருமுறை ஒலித்தது.
இரண்டு குளிர்காலம் செய்த வேலை
இந்த ஓர் அடிக்குத்தான் என்று பூரித்தேன்.
பூரிப்பு ஒன்றரை நொடி.
கண்ணாடியில் ஸ்வோன்கோ
பிரேக்கின்மேல் எழுந்தே நின்றுகொண்டிருந்தான்,
முகம் முழுக்கக் கண்.
நான்கு டிரம்மும் சேர்ந்து கத்தின.

ஏழாம் கட்டில்காரனின் என்ஜின்
இரண்டாம் முறையாக விபத்தில் மாட்டியது.

ஓடிப்போய் அவன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன்.
பாதி வட்டம். இன்னும் நீலமாகவில்லை, சிவப்பு.
மூச்சை இழு என்றேன். வலிக்கிறதா?
"அசல் வலி" என்றான்.

இரண்டு வண்டியையும் பிரித்தெடுக்க
என்னுடையதை முன்னால் தள்ளினோம்,
அவன் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு.
அப்போதுதான் கண்ணில் பட்டது:
என் பிரேக் விளக்கு.
திராட்சை அளவு, மங்கல், எழுபத்து மூன்றிலேயே இருக்கிறது.
நிற்பதை மாற்றியவளுக்கு
நிற்கிறேன் என்று சொல்வதை மாற்றத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை
பழைய போர்வையில் எதையோ சுற்றி எடுத்துவந்தான்.
அவன் ஸ்டியரிங், தண்டோடு.
"வளையம் மட்டும் அப்படியே இருக்கட்டும்."
மேசையில் என் புது விளக்குகளுக்குப் பக்கத்தில் வைத்தான்.
அளவுகோலை எடுத்தேன்.

மெட்கா காபி கொண்டுவந்தாள்.
யார்மேல் தப்பு என்றாள்.

ஸ்வோன்கோ ஆட்டைச் சொன்னான்.
நான் மறுக்கவில்லை.