ஐப்பசியில் தீவு

வண்ணாரப்பேட்டையில் ஏழேகால் டவுன் பஸ்.
கணக்குப் பிரிவிலிருந்து மூன்று பேர்:
ஜெபசெல்வி, மைதீன் பாத்து, நான்.
ஞாயிற்றுக்கிழமையும் ஆடிட் என்று
வீட்டில் சொல்லியிருந்தோம்.

குளம் வற்றிக் கிடந்தது.
வெடிப்புக்குள் நத்தை ஓடு,
யாரோ விட்டுப்போன ஒற்றை ரப்பர் செருப்பு.
நடுவில் அந்தப் பாறை.
ஐப்பசியில் தீவு. இப்போது சும்மா பாறை.

வழுக்குமென்று செருப்பைக் கையில் பிடித்து ஏறினோம்.
நெருப்புக் குழம்பாய் இருந்ததாம் இது,
பூமிக்கடியில் ஆறிக் கல்லானதாம்,
செல்வி எங்கோ படித்திருக்கிறாள்.
"எங்கட்டீ ஆறிச்சு?"
உள்ளங்காலை மாற்றி மாற்றித் தூக்கினாள் பாத்து.

உச்சியில் ஒரு குழி,
ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு தட்டான்.
எலுமிச்சைச் சோறும் கானத்துவையலும்.
பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம்
நிஜமாகவே ஊசியளவில்.
ஆபீஸ் இருக்கும் திசைக்கு
முதுகைக் கொடுத்து உட்கார்ந்தோம்.

கீழே ஆட்டுக்காரர் கையை வீசினார்.
நாங்களும் வீசினோம்.
அவர் இன்னும் பலமாக வீசினார்.

கால்வாய் ஷட்டரைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.
இறங்கி வருவதற்குள்
வெடிப்புகள் புஸ்புஸ்ஸென்று மூச்சுவிட்டுக்
குடித்துக்கொண்டிருந்தன.

கணுக்கால். பிறகு முழங்கால்.
சேலையைத் தூக்கிச் செருகி,
டிபன் பாக்ஸைத் தலையில் வைத்து,
சிரிப்பில் பாதித் தண்ணீரைக் குடித்து...
அந்த ஒற்றைச் செருப்பு
எங்களை முந்திக்கொண்டு மிதந்தது.

கரையேறித் திரும்பினால்
பாறையைச் சுற்றிப் பளபளவென்று தண்ணீர்.
உச்சியில்
விரித்தபடியே பாத்துவின் சிவப்புக் குடை.

"ஆடிட் முடிஞ்சுதா?" என்றார்கள் வீட்டில்.

"ஒண்ணே ஒண்ணுதான் உதைக்குது," என்றேன்,
ஈரப் பாவாடையைப் பிழிந்தபடி.