ஆறு: காணப்படவில்லை

ஆவணி பதினோராம் திகதி.
படிவம் ஏழு, கேள்வி ஒன்பது:
குப்பைமேட்டிலிருந்து நீர்நிலைக்கு உள்ள தூரம், மீற்றரில்.
நீல மையில் எழுதியிருக்கிறேன்:
நீர்நிலை காணப்படவில்லை.
கீழே என் கையொப்பம்,
அதன் மேல் வட்ட முத்திரை.

பொய் இல்லை.
அன்று வழுக்கையாறு வெடித்துக் கிடந்த களி.
அதன் நடுவால் ஒரு பொடியன்
கரியரில் காஸ் சிலிண்டர் கட்டி
சைக்கிள் உழக்கிப் போனான்.
ஆற்றில் போகிறோம் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை.
காவலாளி இராசகுலம் கதிரையைத் துடைத்துப் போட்டார்.
நான் இருக்கவில்லை.
மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்று படம் எடுத்தேன்.
சோளகம் சொப்பிங் பைகளை அள்ளி
பற்றை பற்றையாய் மாட்டியிருந்தது.
படத்தில் பார்த்தால் ஏதோ பூத்த மாதிரி.

இது கார்த்திகை.
மூன்று நாள் விடாத மழை.
அளவெட்டி, கந்தரோடை, சங்குவேலி, நவாலி என்று
மேசை மேசையாய் ஒப்பம் வாங்கும் கோப்பைப் போல
ஊர் ஊராய் இறங்கி
ஆறு வந்திருக்கிறது,
தன்னைக் காண்பிக்க.

சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தேன்.
அளவுநாடாவின் ஒரு நுனியை இராசகுலத்திடம் நீட்டினேன்.
“எதில இருந்து பிடிக்கிறது, மிஸ்?”
ஆறு மேட்டுக்குள் நின்றது.
மேடு ஆற்றுக்குள் நின்றது.
நாடா எங்கள் இருவருக்கும் நடுவில்
தொய்ந்து நனைந்தது.

மேட்டின் அடியிலிருந்து
ஆறிப்போன பிளேன்ரீ நிறத்தில் ஒன்று
அவசரமே இல்லாமல் கசிந்து கலந்தது.
பம்பர்ஸ், மருந்துப் பட்டைகள்,
ஏதோ கலியாண வீட்டு லஞ்ச் சீற்,
வேட்பாளர் ஒருவரின் பாதிச் சிரிப்பு
எல்லாம் அராலிப் பக்கம், கடலுக்கு.

றால் பிடிக்கிற கிளமென்ற்
தோணியைக் கம்பால் ஊன்றி நிறுத்தினார்.
“போன மாரியும் ஒரு தம்பி வந்தவர், பிள்ளை.
போத்தலில தண்ணி அள்ளிக்கொண்டு போனவர்.
அந்தத் தண்ணி இன்னும் வந்து சேரேல்லையோ
போன இடத்துக்கு?”

அந்தப் போத்தலை எனக்குத் தெரியும்.
கோப்பு அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில்,
‘அராலி, கீழ்ப்பக்கம்’ என்ற துண்டு ஒட்டி,
ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வாகனம் இல்லாமல்
ஒரு வருசமாய்த் தெளிந்துகொண்டிருக்கிறது.
மேலே கண்ணாடி.
அடியில் இரண்டு விரற்கடை கறுப்பு.
நான் சொல்லவில்லை.
“விசாரிக்கிறன், அண்ணை” என்றேன்.
அவர் கம்பைப் பிடுங்கினார்.

யோகமலர் செப்புக்கம்பி தேடுகிறவள்.
அவளைப் பற்றி எந்தப் படிவத்திலும் கேள்வி இல்லை.
பாவாடையைச் செருகிக்கொண்டு
முழங்காலுக்குக் கீழே தொட்டுக் காட்டினாள்:
“காலமை இவ்வளவு.” மேலே தொட்டாள்: “இப்ப இவ்வளவு.”
இந்த இடத்தில் வெள்ளம் அளக்க
அரசாங்கம் நட்ட கோல் எதுவும் கிடையாது.
யோகமலரின் கால் இருக்கிறது.
சொறி எதுவரை ஏறியிருக்கிறதோ
போன மாரி அதுவரை.

குடைக்குள் படிவத்தை விரித்தேன்.
கேள்வி ஒன்பது: பூச்சியம்.
அதற்குக் கீழே இன்னொரு கட்டம்,
ஆவணியில் நான் கவனிக்காதது:
முன்னைய பரிசோதனையிலிருந்து வேறுபாடு இருப்பின் காரணம்.
ஒன்றரை வரிக்கு இடம்.
மழைக்காலம் என்று எழுதலாம்.
எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள்.
பேனை கொஞ்ச நேரம் ஈரத்தில் வழுக்கியது.
பிறகு எழுதினேன்:
முன்னையதை எழுதியவளும் நான்.
ஆறு இல்லாத நாள் பார்த்துப் போயிருந்தேன்.

முத்திரை ஒபிசில் இருந்தது.
பின்னால் உழவு இயந்திரம் ஒன்று
பெட்டி நிறைய, உறுமிக்கொண்டு, பின்பக்கமாய் வந்தது.
இராசகுலம் நாடாவைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்,
இரண்டு கையையும் காட்டிக்கொண்டு:
வரட்டும், வரட்டும்,
இன்னும் கொஞ்சம்,
தண்ணிக்குள்ள விழாமல்,
வரட்டும்.