ஆமை நீர் குடிக்கும் விதம்

நிமாதி படித்துறையில்
இருபத்தேழு ரப்பர் பாய்களைப் படகில் ஏற்றினேன்.
கூடவே இரண்டு பைக், ஒரு ஆடு,
கோழித்தீவன மூட்டைகள்.
"யோகாவா?" என்றான் டிக்கெட் பையன்.
"அதுக்குத் தரை வேணுமே!
மாஜுலியில அதுதானே குறைஞ்சுகிட்டு வருது."

ஒப்பந்த வேலை. மாவட்ட அலுவலகம் அனுப்புகிறது.
ஒரு நாள், ஒரு மடம்,
ஒரு கையெழுத்து, மூன்று புகைப்படம்.
மூச்சை எண்ணுவது என் பிழைப்பு:
நாலு உள்ளே, ஏழு நிறுத்தம், எட்டு வெளியே.
உண்மையைச் சொன்னால்
உத்பலை எரித்துவிட்டு வந்த நாளிலிருந்து
அந்த ஏழுக்குள்தான் குடியிருக்கிறேன்.
வாடகை இல்லை. ஜன்னலும் இல்லை.

நாமகரின் வெளித் தாழ்வாரம்.
நீள்முடியை முடிந்துகொண்டு
துறவிகள் வந்து உட்கார்ந்தார்கள்,
விருந்தாளி சமைத்ததைச் சாப்பிடப்போகும் முகத்தோடு.

கூர்மாசனம் சொல்லிக்கொடுத்தேன்.
காலை விரி, குனி,
முழங்காலுக்கு அடியில் கையைச் செருகு,
கழுத்தை உள்ளே இழு.
ஓட்டுக்கு வெளியே நடப்பதெல்லாம் ஊர்வம்பு.

இருபத்தாறு பேர் மறுபேச்சின்றி ஆமையானார்கள்.
இன்னொருவர், முகிகாந்தர்,
நாற்பது வயதிருக்கும், மூக்கில் பழைய தழும்பு,
தலையை மட்டும் உள்ளே இழுக்கவில்லை.

"இது எங்களிடமும் உண்டு," என்றார்.
"மாட்டி அகாரா. ஆடுவதற்கு முன்
மண்ணோடு செய்துகொள்ளும் பேச்சுவார்த்தை.
ஆனால் எங்கள் ஆமை
தண்ணீர் குடிக்கும்."

பாயை ஒதுக்கினார்.
உள்ளங்கை தரையில்.
நெஞ்சு தரைக்கு ஒரு விரல் மேலே.
பிறகு கழுத்து புறப்பட்டது,
கடன் கேட்கப் போகிறவன் நடையில்,
மெல்ல, நின்று, மறுபடி மெல்ல.
உதடு எதையோ தொட்டது.
இல்லாத தண்ணீர் இறங்குவதை
அவர் தொண்டையில் பார்த்தேன்.

"மூச்சை எங்கே நிறுத்துகிறீர்கள்?"

"அது என் பொறுப்பில் இல்லை," என்று
கோல் வாசிக்கும் தானுராமைக் காட்டினார்.
தானுராம் மத்தளத்தை மடியில் திருப்பியபடி சொன்னார்:
"நான் தட்டினால் அவருக்கு மூச்சு வரும்.
தட்டாவிட்டாலும் வரும்,
எப்படியும் தட்டிவிடுவேன் என்ற நம்பிக்கையில்."

அப்புறம் ஆடினார்.
எலும்புகளின் பெயர் தெரிந்தவள் நான்,
ஏமாற்ற முடியாது.
அதே முதுகுத்தண்டு, அதே இடுப்பு விரிவு.
ஆசனத்திலிருந்து அவர் எழவில்லை,
ஆசனத்தோடு எழுந்திருந்தார்.
உட்கார்ந்து தேடிய ஒன்றை
இப்போது நாலு பக்கமும் கொண்டுபோய்க் கொடுத்தார்,
தூணுக்கு, வெயிலுக்கு,
வாசலில் சொறிந்துகொண்டிருந்த நாய்க்கு.

நடுவில், தெற்கே, கரை இடிந்தது.
ஒரு வீட்டளவு மண்
ஆற்றுக்குள் உட்கார்ந்த சத்தம்.
சமையல்காரர் கன்றுக்குட்டியைத் தேடி ஓடினார்.
தானுராமின் கை ஒரு தட்டைத் தவறவிட்டது.

தூக்கிய காலோடு
முகிகாந்தர் காத்திருந்தார்.
தன்னையறியாமல் எண்ணினேன்.
ஏழுதான் வந்தது.
என் ஏழேதான், எனக்குத் தெரியாதா அதன் அளவு?
ஆனால் அதற்குள் யாரும் ஒளிந்திருக்கவில்லை.
வரப்போகிறவருக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு
ஒருவர் நின்றிருந்தார், அவ்வளவுதான்.

கோல் திரும்பி வந்தது.
கால் இறங்கியது.

நாலு மணிப் படகு.
கையெழுத்து ஆயிற்று. புகைப்படம் மூன்றிலும்
எல்லோரும் ஆமையாக இருக்கிறார்கள்.
திரும்பிய பாய் இருபத்தாறு.
குறைந்ததற்குக் காரணம் எழுதும் கட்டத்தில்
'கன்றுக்குட்டி குளிரில் நடுங்கியது' என்று எழுதினேன்,
அதிகாரி கோபப்படுவார்.

சுருட்டிய பாய்கள்மேல் உட்கார்ந்திருந்தேன்.
"தரை கிடைச்சுதா?" என்றான் பையன்.
பதில் சொல்வதற்குள்
ஆட்டைப் பிடிக்கப் போய்விட்டான்.

படகு விளிம்புக்கு அப்பால் பிரம்மபுத்திரா,
இன்று காலைவரை யாரோ நின்ற மண்ணையும்
கரைத்துக்கொண்டு.
குடிக்கவில்லை. அவ்வளவு கலங்கல்.
கழுத்து மட்டும்
தானாகக் கொஞ்ச தூரம் போயிற்று.