நானூற்று ஆறு

ஞாயிறன்று சிர்க்கா வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு.
வக்கீலின் தாளில் கார் அவளுக்கு, கராஜ் எனக்கு.
ஊலுவில் அக்டோபர் முடிகிறது.
ஒரு மணிநேரம் ஹீட்டர் முனகியும் உள்ளே பன்னிரண்டு டிகிரிதான்.

கழுவினேன். வாளி இரண்டு:
ஒன்று சோப்புக்கு, ஒன்று அழுக்கை அலச.
களிமண் கட்டியை ஈரத்தில் வழுக்கவிட்டேன்.
கரகரவென்று பேசிக்கொண்டே போய்
ஓரிடத்தில் பேச்சை நிறுத்தியது.

விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்
நீலத்துக்குள் வட்டவட்டமாகக் கிறுக்கல்,
பெட்ரோல் பங்கின் சுழலும் தூரிகைகள்
பதினாறு குளிர்காலமாக எழுதிப் பழகியது.

பக்கத்து வீட்டு என்ஸியோ எட்டிப் பார்த்தான்.
"கொடுத்துவிடப்போகிற வண்டிக்கா இவ்வளவு?"
ஆமாம் என்றேன்.
உப்புப் போட்ட கறுப்பு மிட்டாய் ஒரு பாக்கெட்டை
பெஞ்சில் வைத்துவிட்டுப் போனான்.

கீறலை யாரும் நிரப்புவதில்லை.
அதைச் சுற்றியிருப்பதை எல்லாம்
அதன் ஆழத்துக்கு இறக்கிவிடுகிறோம்,
அவ்வளவுதான் பாலிஷ்.
இறக்க எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று சொல்ல
வென்லாவின் காதலனிடம் இரவல் வாங்கிய சின்னப் பெட்டி.
பானெட்டில் வைத்தேன்: நூற்றுப் பதினெட்டு மைக்ரான்.
கூரை நூற்றுப் பன்னிரண்டு.
முன்கதவு நூற்றுப் பதினைந்து.
பின்கதவு, இடப்பக்கம்:
நானூற்று ஆறு.

துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். நானூற்று ஒன்பது.
விரல் முட்டியால் தட்டினேன்.
மற்ற கதவுகள் டங்கென்றன,
இது தொத்தென்றது.
பட்டி பார்த்து, தேய்த்து, புதிதாகப் பெயின்ட் அடித்த கதவு.

ஷோரூமிலிருந்து இதை ஓட்டிவந்தவன் நான்.
எப்போது நடந்திருக்கும்?
நார்வேயில் நான் குழாய் பற்றவைத்த அந்த வருடம்?
வென்லாவுக்கு ஏழு வயது.
பின்சீட்டில் உட்காருவாள். இடப்பக்கம்.
ராத்திரி போனில் சிர்க்கா சொன்னதெல்லாம்
பனி, பள்ளிக்கூடம், ரிப்பேரான கொதிகலன்,
"வேறொன்றும் விசேஷமில்லை."
ஊர் திரும்பியபோது தையல் மெஷின் இருந்த மூலை காலி.
தைக்க அலுத்துவிட்டது, விற்றுவிட்டேன் என்றாள்.
நான் அந்த மூலையில் டிவியை வைத்தேன்.

அடித்தவன் கைகாரன்.
பதின்மூன்று கோடை வெயிலில் பார்த்தும்
எனக்கு அந்த நீலமும் இந்த நீலமும் ஒன்றுதான்.

நுரைத்தட்டில் பட்டாணி பட்டாணியாக நாலு பொட்டு.
மெதுவாகப் பரப்பி, வேகத்தை ஐந்தில் வைத்து,
நெடுக்கே ஒரு தரம், குறுக்கே ஒரு தரம்.
புதியவன் என்றால் நானூறைப் பார்த்துத் துணிந்துவிடுவான்.
கனமெல்லாம் பட்டிக்கு உரியது;
மேல்பூச்சு எத்தனை மெல்லியது என்று
பெட்டிக்கும் தெரியாது.
மற்ற இடங்களில் மெஷினை நம்பினேன்.
அந்தக் கதவை மட்டும் கையாலேயே முடித்தேன்,
சனிக்கிழமை பாதி அதற்கே போயிற்று.

டிரைவர் பக்கம், கைப்பிடிக்குப் பின்னாலுள்ள குழிவில்
மெஷின் நுழையாது.
அங்கே பிறைபிறையாகக் கீறல்கள், மோதிரம் போட்டவை.
சென்ற வசந்தத்துக்குப் பிறகு
புதிதாக ஒன்றும் விழுந்திருக்காது.
விரலில் துணியைச் சுற்றித் தேய்த்தேன்.
ஒன்றைத் தவிர எல்லாம் போயின.
அதில் நகம் மாட்டியது.
நகம் மாட்டினால் விட்டுவிட வேண்டும்,
டப்பாவிலேயே எழுதியிருக்கிறது.

ஞாயிறு. ஒருமுறை சுற்றிவந்தாள்.
"புதுசு மாதிரி இருக்கிறது."
"பின்கதவை அழுத்தித் தேய்க்கவில்லை" என்றேன்.
"இடப்பக்கத்துக் கதவை."
அவள் கையுறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள்.
"ஆயிரத்து இருநூறு யூரோ" என்றாள்.
"அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை."
பெஞ்சிலிருந்து மிட்டாய் ஒன்றை எடுத்து வாயில் போட்டு
முகத்தைச் சுளித்துக்கொண்டு
வண்டியைப் பின்னால் எடுத்தாள்.

வெளியே மழை பிடித்திருந்தது.
மெழுகின் மேல் ஒரு துளியும் நிற்கவில்லை,
தெருமுனை திரும்பும்வரை
எல்லாம் உருண்டோடிக்கொண்டிருந்தன.