மூலத்தில் உள்ளவை

தோஹா நூலகத்தின் நிலவறையில்
பதினெட்டு டிகிரிக் குளிரில் எனக்கு வேலை.
கடிதத்தை விரிப்பது, ஈயமணிச் சரத்தால் ஓரம் அழுத்துவது,
படமெடுப்பது, புரட்டுவது.
கையுறை கூடாது. கழுவி உலர்ந்த விரல் போதும்.

இந்த வாரம் கட்டு எண் நாற்பத்தொன்று.
மருந்துப்பெட்டியோடு மஸ்கட் துறையில் இறங்கிய யோரிஸ்
பனி விழும் ஊரிலிருந்த லம்பெர்ட்டுக்கு எழுதியவை,
அவன் இவனுக்கு எழுதியவை.
முந்நூற்றெழுபது வருடப் பழைய லத்தீன்.
எனக்கு ஒரு சொல் தெரியாது.
பக்கத்து மேசை நிஸ்ரீன் வாசித்து
அரபி கலந்த ஆங்கிலத்தில் சொல்வாள்.
எனக்குள் அது தமிழாக வந்து உட்காரும்,
மூன்று கப்பல் மாறிய சரக்கு.

"தெற்கே, கடலை ஒட்டி, ஒரு வெள்ளை மீன்.
இங்கே சுஹைல் என்கிறார்கள்.
அது எழுந்தால் வெயில் இறங்குமாம்.
உன் ஊரில் என்றைக்கும் உதிக்காது;
பூமியின் முதுகு மறைக்கிறது.
உயரம் பதின்மூன்றே முக்கால் பாகை."

அகத்தியன்! என்று கத்திவிட்டேன்.
யாரது என்றாள் நிஸ்ரீன்.
உங்கள் சுஹைல்தான் என்றேன்.
குறிப்பில் சேர்க்க இடமில்லை என்று சிரித்தாள்.

பதினாறு மாதம் கழித்து லம்பெர்ட்டின் பதில்.
நடுவே ஒரு கப்பல் மூழ்கியிருக்கிறது,
மனைவி இறந்திருக்கிறாள்,
இரண்டும் அரை வரியில்.
மீதித் தாள் முழுக்க ஒரே கேள்வி:
என் கண் காணவே முடியாத ஒன்றை
உன் கடுதாசியை வைத்து எப்படி நம்ப?

யோரிஸ் வாதாடவில்லை.
அளந்த இரவுகளின் தாளையே கிழித்து அனுப்பியிருக்கிறான்.
பதினைந்து, அடித்தல். பன்னிரண்டு, அடித்தல்.
"மேகம்." "காய்ச்சல், கை நடுங்கியது." "மறுபடியும் மேகம்."
அதை விரித்தபோது மடிப்பிலிருந்து
ஒரு சிட்டிகை மணல் உதிர்ந்தது.
மை உலரத் தூவியது.
இந்தக் கடற்கரை மணல்தான்;
வடக்கே போய் ஏலத்தில் விலைபோய்த்
திரும்பி வந்திருக்கிறது.
விதிப்படி குப்பியில் அடைத்து எண் ஒட்டினேன்.
மேலே, வாசற்படியில், அதே மணலை
ஒருவர் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்.

கணினி படத்தை ஏற்கவில்லை.
அடித்தல், கறை, பழுது என்று சிவப்பு வட்டம்.
பழுது கண்ணாடியிலா, தாளிலா?
மூலத்தில் உள்ளவை என்று அழுத்தினேன்.

லம்பெர்ட்டின் கடைசிக் கடிதம் மிகச் சிறியது.
நிஸ்ரீன் இரண்டு முறை வாசித்தாள்.
"என் கண்முன்னே இத்தனை முறை தப்பாகியிருக்கிறாய்.
இனி உன் மீன் எனக்கும் உண்டு."

டிசம்பர் நள்ளிரவு, பேருந்து நிறுத்தம்.
தென்திசையில் கோபுர விளக்கு, தூசி, கிரேன்.
ஒரு மீனும் தெரியவில்லை.
மஸ்கட்டில் பதின்மூன்றே முக்கால் என்றால்
இங்கே பன்னிரண்டு இருக்கவேண்டும்.
கையை நீட்டி முட்டியை மடக்கினால் பத்துப் பாகை,
அதன்மேல் ஒரு விரல்.
அங்கே என்று காட்டிக்கொண்டு நின்றேன்.

கூப்பிட்டதாக நினைத்து
வேறு தடத்துப் பேருந்து ஒன்று
எனக்காக நின்று கதவைத் திறந்தது.