கவிழ்த்துப் பார்த்தல்

பம்பைமடுவில் பின்னேரம் ஐந்து மணிக்கு
அந்தக் குப்பியில் வெறும் தண்ணீர்தான் இருந்தது.
மூன்றே அமினோ அமிலம் கோத்த சிறு புரதத் துண்டு,
மெல்லமெல்லப் புளிக்கும் ஒரு சிட்டிகைச் சீனி,
இரண்டையும் போட்டு மூடினேன்.
கலக்கக் கூடாது. தட்டக் கூடாது.
பக்கத்தில் நின்று கதைக்கவும் கூடாது என்பான் சர்மிலன்,
அது அவன் சேர்த்த விதி.

அவை தாமாகவே ஒன்றையொன்று
தேடிப் பிடிக்க வேண்டும்.
பிடித்து நூலாகி, நூலோடு நூல் சிக்கி
தண்ணீரைப் போகவிடாமல் மறிக்க வேண்டும்.
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கும்
தண்ணீர்தான். ஆனாலும் நிற்கும்.

கூழா நீரா என்று அறிய
பெரிய கருவி தேவையில்லை.
குப்பியைத் தலைகீழாய்ப் பிடி.
விழுந்தால் நீர்.
பதினொரு கிழமை விழுந்தது.
கை கழுவும் தொட்டிக்குத் தெரியும்.

அன்றிரவு ஒன்பது மணிக்குக் கவிழ்த்தேன்.
விழவில்லை.
இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தேன்,
விழ ஒரு சந்தர்ப்பம் கொடுப்பதுபோல.

ஆய்வுகூடத்து ஊதா விளக்கு பழுது.
பசார் வீதியில் வாங்கிய
கள்ளநோட்டுப் பார்க்கிற ரோச்சை அடித்தேன்.
நீலம்.
யாரும் சாயம் பூசவில்லை.
தனித்தனியே நிற்கையில் அவற்றுக்கு ஒளியில்லை,
நெருக்கத்தில் மட்டும்தான்.

பிறகு மூன்றுதரம் கழுவி, புளிப்பை நீக்கி
அதற்குள் கலங்களை விதைத்தோம்.
கொடையாளர் பதினாலு. ஆண். வயது நாற்பத்தொன்று.
தொடைக்குள் பதினைந்து வருடமாய் இருந்த இரும்பை
ஆஸ்பத்திரியில் எடுக்கையில்
கூட வந்த தோலில் ஒரு நக அளவு.
கையெழுத்து வைக்கமுன் அவர் கேட்டாராம்,
தாதி சொன்னா:
'அங்க வச்சு வளர்க்கேக்க
அதுக்கு நோகுமோ?'

வெள்ளி இரவு கரண்ட் போனது.
ஜெனரேற்றரில் டீசல் இல்லை.
அடைகாப்பான் முப்பத்தேழிலிருந்து
முப்பத்தாறரை, முப்பத்தாறு, முப்பத்தைந்து.
சர்மிலன் ஓமந்தையில். கானோடு வாறன் என்றான்.
நான் தட்டை மூடி, படலம் சுற்றி
சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டேன்.
எந்தக் கையேட்டிலும் இல்லாத முறை.
ஆனால் என் வயிறும்
ஏறக்குறைய முப்பத்தேழுதான்.

ஜெனரேற்றர்க் கொட்டிலுக்கு நடக்கையில்
ரோச் வெளிச்சத்தில்
சீமெந்துப் படியோரம் பச்சையாய் ஒன்று எரிந்தது.
நட்டுவக்காலி.
பகலில் கரிக்கட்டை நிறம் அதற்கு.
ஏன் இப்படி மின்னுகிறது என்று
இன்னும் ஒருவரும் உறுதியாய்ச் சொல்லவில்லை.
அது என்னைப் பார்த்ததோ, ஒளியைப் பார்த்ததோ
கொடுக்கைத் தூக்கியபடி நின்றது.
நானும் நின்றேன்,
ஒரு கை வயிற்றில்,
ஏழு மாதக்காரியைப் போல.
சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்,
தட்டு குலுங்கும்.

இரண்டு மணி நாற்பதுக்கு வெளிச்சம்.
சர்மிலனின் சாரம் முழுக்க டீசல்.
நுணுக்குக்காட்டியின் கீழ்
நீல நூல்களுக்கு நடுவே கலங்கள் கறுப்பாய்க் கிடந்தன,
வலைக்குள் ஓட்டைகள்போல.
செத்துப்போச்சு என்றேன்.
'பொறு,' என்றான்.
பொறுத்தோம். தேத்தண்ணி ஆறியது.
ஓரத்தில் ஒன்று
நீட்டியிருந்த காலை உள்ளே இழுத்து
உருண்டு
இடுப்பில் சுருங்கி
இரண்டானது.
சுற்றியிருந்த நூல்கள் கொஞ்சம் வளைந்து
இடம் விட்டன.

கொப்பியில் எழுதினேன்:
பதினாலு. 04.10. பிரிந்தது.
டீசல் காசை எந்தத் தலைப்பில் போடுவது என்று
அவன் கேட்டான். தெரியவில்லை.

நோகிறதா என்பதற்கும்
என்னிடம் பதில் இல்லை.
இடம் கொடுக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.
ஆனால் யாரிடம்?
படிவத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்,
ஆண், வயது, மாவட்டம், குருதி வகை.
தொலைபேசி இலக்கத்துக்கு
அதில் கட்டமே இல்லை.